இரத்தத்தில் புற்றுநோய்க் குறிப்பான்கள்: ஒளியிழை உணரி செயல்படுவது எப்படி?

மும்பை மாட்டுங்காவில் இருந்து புறநகர் ரயிலில் இரண்டாவது நிலையம் பரேல். அங்கு 1941-இல் தொடங்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் புற்றுநோயாளிகள் வருகின்றனர். இரத்தப் பரிசோதனையை அவர்களது ஊருக்கே கொண்டுசெல்ல உதவக்கூடிய தொழில்நுட்பங்களில் ஒன்று, ஒளியிழை உயிரி உணரி.

மும்பை பொவாயில் உள்ள ஐஐடி பாம்பே ஆய்வாளர்கள் வி.வி.ஆர். சாய், தபனேந்து குண்டு, சௌமியோ முகர்ஜி ஆகியோர், தங்க நானோ துகள்கள் பூசி 'யு' வடிவில் வளைத்த ஒளியிழை உணரியை 2009-இல் ஆய்விதழில் விவரித்தனர்.

மேலுறை நீக்கி வளைத்த பகுதியில், இழைக்குள் செல்லும் ஒளியின் ஒரு பங்கு மிக நுண்ணிய தொலைவுக்கு வெளியே பரவும். அங்கு எதிர்ப்பொருள்கள் பொருத்தப்படுகின்றன. இரத்தச் சீரத்தில் உள்ள குறிப்பிட்ட புரதம் அவற்றுடன் இணைந்ததும், மறுமுனையை அடையும் ஒளியின் செறிவு மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு புரதத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. எதிர்ப்பொருளை மாற்றினால் வெவ்வேறு குறிப்பான்களை அளக்கலாம்.

சூலகப் புற்றுநோய்க்கு சிஏ-125, புரோஸ்டேட் புற்றுநோய்க்கு பிஎஸ்ஏ, பெருங்குடல் புற்றுநோய்க்கு சிஇஏ ஆகியவை முக்கியக் குறிப்பான்கள். எனினும் மாதவிடாய்க் காலத்தில் சிஏ-125, புரோஸ்டேட் வீக்கத்தில் பிஎஸ்ஏ, புகைபிடிப்போருக்கு சிஇஏ ஆகியவை புற்றுநோய் இல்லாமலும் உயரக்கூடும். அளவு இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றும் கொள்ள இயலாது.

எனவே, நோயை உறுதிசெய்யத் திசுப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படுகிறது. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்பதைக் கண்காணிப்பதில் இக்குறிப்பான்கள் அதிகம் பயன்படுகின்றன. நோயாளிகள் அடிக்கடி பயணம் செய்ய வேண்டியிருப்பதும் அப்போதுதான்.