கையொப்பமும் கைக்குழந்தையும்: புதுச்சேரியில் தந்தையருக்கான சமூகத் துணையின் வரலாறு

புதுச்சேரியின் குடும்பச் சட்ட வரலாற்றை எங்கே தொட்டாலும் தந்தையின் கையொப்பம் தென்படும். பிரெஞ்சு ஆட்சியிலும், ஆட்சி கைமாறிய உடன்படிக்கையிலும், இந்தியச் சட்டங்கள் வந்த பிறகும் வீட்டின் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர் அவரே. அதே தந்தை பிறந்த குழந்தைக்கு அருகில் இருக்கவும், இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளவும், தன் அச்சங்களை மற்றொரு தந்தையிடம் சொல்லித் தெளியவும் இந்நகரம் எந்த வகையில் துணை நின்றது என்று கேட்டால் விடை மிகச் சுருக்கமாகவே கிடைக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் உழைக்கும் தந்தைக்கு வீட்டில் இருக்க நேரம் பெற்றுத்தந்த பெரிய மாற்றம், ஆண்கள் அமைப்பாகத் திரண்டு போராடியதால் வந்தது. அப்படி யாரும் திரளாமல் மேலிருந்து வந்த தந்தைமை விடுப்போ அரசு அலுவலக வாயிலிலேயே நின்றுவிட்டது. ஆகவே தந்தையர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டமைப்பு இல்லாமல் சட்டமோ விடுப்போ தானாக வீட்டுக்குள் வந்து சேராது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சட்டம் கொடுத்த அதிகாரம்

1819 சனவரி 6ஆம் நாள் ஆணை பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகளைப் புதுச்சேரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியர்கள் தத்தம் சாதி வழக்காறுகளின்படியே நடத்தப்படுவர் என்ற உறுதியும் அதே ஆணையில் இருந்தது. அந்த வழக்காறுகள் எவை என்பதை ஆட்சியாளர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் எடுத்துரைக்க 1827இல் ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. இவ்வாறு ஒரே ஊரில் இரண்டு குடும்பச் சட்டங்கள் அருகருகே இயங்கின. வேர் வெவ்வேறாயினும் தந்தையின் தலைமை என்ற இடத்தில் இரண்டும் ஒன்றுபட்டன. 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பு, மணவாழ்வு நீடிக்கும்வரை பிள்ளைகள்மீதான அதிகாரத்தைத் தந்தை ஒருவரே செலுத்துவார் என்று விதித்தது. அடங்காத பிள்ளையைக் காவலில் வைக்கக் கோரும் உரிமையைக்கூட அவருக்கு அளித்தது. பிரான்சில் அவ்வுரிமை 1935இல்தான் ஒழிந்தது. தந்தை என்ன செய்யலாம் என்று விரிவாகப் பேசிய சட்டம், அவர் குழந்தையை எப்படி வளர்க்கப் போகிறார் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே கவலைப்பட்டது.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை சான்று. வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர விரும்பும் இந்தியர்களுக்கு அந்த ஆணை வழிதிறந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னின்று நடத்திய இயக்கத்தின் பின்னணியில் பலர் அப்படித் துறந்து, லப்போர்த் என்று அவர் ஏற்றதுபோலக் குடும்பப் பெயரும் சூடிக்கொண்டனர். சாதித் தளையை அறுக்கும் வாய்ப்பாக அன்று பலர் அதைக் கண்டதில் நியாயம் உண்டு. ஆனால் ஆணையின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும்: துறப்பவர் மட்டுமன்றி அவருடைய மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் புதிய சட்டத்துக்கு உட்படுவர், அந்தத் துறப்பைத் திரும்பப் பெறவும் முடியாது. ஒரு கையொப்பம் ஒரு வீட்டின் சட்டத்தையே மாற்றியது.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே காட்சி வேறொரு மேசையில் நடந்தது. 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்த ஆட்சி மாற்ற உடன்படிக்கை, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை வழங்கியது. மணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் எந்த நாட்டினர் என்பதைத் தந்தையின் அறிவிப்பே முடிவு செய்தது; அவர் உயிருடன் இல்லாவிட்டால் மட்டுமே தாய்க்கு அந்த இடம். 1963இல் இந்து திருமணச் சட்டமும் இந்து இளவர் காப்பாளர் சட்டமும் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. ஆனால் 1881 ஆணையின்படி துறந்தவர்களின் வழிவந்தோருக்கு அவை பொருந்தா என்று விலக்கு அளிக்கப்பட்டது. நீட்டிக்கப்பட்ட காப்பாளர் சட்டத்திலும் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்ற வரிசையே இருந்தது. தந்தை இருக்கும்போதும் தாய் காப்பாளராக முடியும் என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில்தான் அளித்தது. பிரான்சோ 1970 சூன் 4ஆம் நாள் சட்டத்தின்வழி தந்தையின் தனியதிகாரத்தைப் பெற்றோர் இருவரின் பொறுப்பாக மாற்றிவிட்டது. 1962க்குப் பின் அங்கே நிகழ்ந்த திருத்தங்கள் இங்குள்ள துறந்தோர் குடும்பங்களை எட்டவில்லை. தந்தை என்றால் அதிகாரம் என்ற பழைய புரிதலை அதன் பிறப்பிடம் கைவிட்ட பிறகும் புதுச்சேரியின் ஏடுகள் சுமந்தன.

ஆலைச் சங்கும் வீட்டு நேரமும்

சட்டப் புத்தகம் தந்தைக்கு அதிகாரத்தை வாரி வழங்கிய காலத்தில், உழைக்கும் வீட்டுத் தந்தைக்கு உண்மையில் இல்லாதிருந்தது நேரம். சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய பஞ்சாலைகளைச் சுற்றியே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரத் தொழிலாளர் வாழ்வு அமைந்தது. விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும்போது போய், இருட்டிய பின் திரும்பும் ஒருவர் தன் குழந்தையை உறங்கும் நிலையிலேயே பார்த்திருப்பார். பிள்ளைகள்மீது சட்டம் அவருக்குத் தந்த அதிகாரம் அப்படிப்பட்ட வீட்டில் வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

இதை மாற்றியது 1936ஆம் ஆண்டுப் போராட்டம். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா உள்ளிட்டோரின் வழிகாட்டுதலில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் வேலைநிறுத்தம் செய்தனர். 1936 சூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தக் கோடையில்தான் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர் உரிமைகளை ஏற்றிருந்தது; பாரிசில் வீசிய காற்று இங்கும் வீச வேண்டும் என்ற நெருக்கடியை இந்த உயிர்ப்பலி உருவாக்கியது. விளைவாக எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் வந்தன. 1937 ஏப்ரல் 6ஆம் நாள் ஆணை அவற்றுக்குச் சட்ட வடிவம் தந்தது. இதைத் தொழிற்சங்க வரலாறாக மட்டுமே நாம் படித்துவருகிறோம். குடும்ப வரலாறாகவும் இதைப் படிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தந்தையருக்கு மாலைப்பொழுதை மீட்டுக் கொடுத்த முதல் சட்டம் இதுவே.

அத்தொழிலாளர்கள் தந்தையராகக் கோரிக்கை வைக்கவில்லையே, கூலிக்கும் மனித மரியாதைக்கும்தானே போராடினார்கள் என்று கேட்கலாம். அது சரியே. கிடைத்த மாலைநேரத்தை அவர்கள் எல்லாரும் பிள்ளைகளோடுதான் கழித்தார்கள் என்று சொல்லவும் முடியாது. ஆயினும் இந்நிகழ்விலிருந்து ஒரு பாடம் உறுதியாகக் கிடைக்கிறது: பலர் சேர்ந்து கேட்ட உரிமை ஆலை முழுவதற்கும் உரியதாயிற்று. முதலாளியின் தயவையோ மேலதிகாரியின் மனநிலையையோ அது சார்ந்திருக்கவில்லை. இதற்கு நேர்மாறானது அடுத்து வந்த விடுப்பின் கதை.

கேட்காமல் வந்த பதினைந்து நாள்

விடுதலைக்குப் பிந்தைய அரசு, குழந்தை நலத்தைத் தாய் வழியாகவே அணுகியது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் தேடிச் சென்றன. மகளிர் சுய உதவிக் குழுக்களோ பெண்கள் கூடிப் பேசும் இடத்தைத் தெருத்தோறும் உருவாக்கின. பெண்களுக்கு இவை மிக அவசியமாக இருந்தன, பெருநன்மையும் செய்தன. தந்தையை உட்காரவைத்துப் பேச மட்டும் ஓரிடமும் அமையவில்லை.

இப்பின்னணியில்தான் ஐந்தாவது ஊதியக் குழுவைத் தொடர்ந்து 1997இல் மத்திய அரசு தன் ஆண் ஊழியருக்குப் பதினைந்து நாள் தந்தைமை விடுப்பை அறிவித்தது. இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் உடையவர், பேற்றுக்குச் சற்று முன்போ பேற்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளோ இதை எடுக்கலாம். மத்திய விதிகளைப் பின்பற்றும் புதுச்சேரி அரசு அலுவலகங்களுக்கும் ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கும் இந்த வாய்ப்பு வந்தது. 2018இல் துணையின்றித் தனியே குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பும் கிடைத்தது. இரண்டும் பாராட்டத்தக்க முன்னேற்றங்கள். ஆனால் சேதராப்பட்டிலோ தட்டாஞ்சாவடியிலோ தொழிற்பேட்டையில் வேலைபார்க்கும் தந்தைக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும், மீன்பிடிப்பவருக்கும் இவை எட்டாக்கனி. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டுத் தாய்க்கு 26 வாரம் கிடைத்தபோதும் தந்தைக்கு ஒரு நாள்கூடச் சேர்க்கப்படவில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற அத்திருத்தம், நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரும் உரிமையைத் தாய்க்கு மட்டுமே தந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் வந்த தந்தைமை நலன் குறித்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை.

தனியாளாகக் கேட்பவருக்கு என்ன நேரும் என்பதை 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்த வழக்கு காட்டியது. தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர் மனைவியின் பேறுகாலத்துக்குக் கேட்ட விடுப்பு முதலில் அனுமதிக்கப்பட்டுப் பின்னர் மறுக்கப்பட்டது. பணியைவிட்டு ஓடியவராக அவரைக் கருதும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அவர் பக்கம் நின்ற நீதிபதி எல். விக்டோரியா கௌரி, தந்தைமை விடுப்புக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று வலியுறுத்தினார். தீர்ப்பு ஒருவரைக் காத்தது. அவரைப்போன்ற மற்றவர்கள் அவரவர் அலுவலகத்தில் இன்றும் தனியாகவே கேட்கிறார்கள். 1936இல் நேரம் பெற்றுத்தந்த பழைய அமைப்புகளும் தளர்ந்துவிட்டன. ஏஎஃப்டி என்று ஊரார் அழைத்த ரோடியர் ஆலையும் சுதேசி, பாரதி ஆலைகளும் 2020இல் கதவடைத்தன. உரிமை கேட்கும் கூட்டம் கலைந்த காலத்தில்தான் புதிய தந்தைமையின் தேவை எழுந்திருக்கிறது.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு வலிமையானது: வீட்டுச் சுமையைத் தாங்குபவர்கள் பெண்கள், அப்படியிருக்க ஆண்களுக்கு எதற்குத் துணை? 2019ஆம் ஆண்டின் தேசியக் காலப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு ஆதாரம். ஊதியமற்ற வீட்டு வேலையில் பெண்களில் 81.2 விழுக்காட்டினரும் ஆண்களில் 26.1 விழுக்காட்டினரும் ஈடுபட்டனர். ஈடுபட்டவர்களுள் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். இந்த எண்கள் ஆண்களைக் குற்றம் சாட்டுகின்றன என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெண்ணின் 299 நிமிடம் குறைய வேண்டுமானால் அதன் ஒரு பங்கை வேறொருவர் ஏற்க வேண்டும். ஏற்பதற்குக் கற்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டவும், தடுப்பூசி நாளை நினைவில் கொள்ளவும், பேற்றுக்குப் பின் மனைவிக்கு வரக்கூடிய மனச்சோர்வை அடையாளம் காணவும் ஆணுக்குக் கற்றுத்தர இன்று யாரும் இல்லை. தந்தைக்குத் தரும் துணை தாயின் சுமையைக் குறைப்பதற்கான வழி.

இரண்டாவது மறுப்பு, இத்தகைய அமைப்புகள் பெண்களுக்கு எதிரான அணிகளாகத் திரியும் என்பது. 2005க்குப் பின் இந்தியாவில் வளர்ந்த ஆண்கள் உரிமை அமைப்புகள் பலவும் மணமுறிவு வழக்குகளிலிருந்தும், மனைவிக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டங்கள்மீதான சினத்திலிருந்தும் பிறந்தவை. பிரிந்த தந்தையரின் ஏக்கத்தில் உண்மை உண்டு. இந்தியச் சட்ட ஆணையமும் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் கூட்டுப் பராமரிப்பை ஒரு வழியாகப் பரிந்துரைத்தது. ஆனால் வழக்கில் தொடங்கும் அமைப்பு எதிராளியைத் தேடும். தொட்டிலருகே தொடங்கும் அமைப்புக்கு எதிராளி தேவையில்லை. ருவாண்டாவில் இளந்தந்தையரையும் தந்தையாகப் போகிறவர்களையும் சிறு குழுக்களாகக் கூட்டிப் பதினைந்து அமர்வுவரை பேசவைத்த பண்டெபெரேஹோ திட்டத்தை 1,199 இணையரிடம் ஆராய்ந்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். பங்கேற்ற ஆண்கள் குழந்தை வளர்ப்பிலும் வீட்டு வேலையிலும் கூடுதலாக ஈடுபட்டனர். மனைவிமீதான வன்முறை குறைந்தது. அதன் சில அமர்வுகளில் மனைவியரும் உடனிருந்தனர். தாயின் நலனை முதல் விதியாக எழுதிக்கொண்டு தொடங்கினால் திசை மாறாது.

மூன்றாவதாக, சட்டம் இயற்றினால் போதும், கூட்டம் எதற்கு என்பர். சுவீடன் 1974இலேயே தந்தைக்கும் பெற்றோர் விடுப்பைத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் அதன் மிகச் சிறு பங்கையே ஆண்கள் எடுத்தனர். 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கிய பின்னரே நிலைமை கணிசமாக மாறியது. பிரான்சிலும் 2002இல் பதினொரு நாளாகத் தொடங்கிய விடுப்பு 2021 சூலையில், பிறப்பு விடுப்பையும் சேர்த்து 28 நாளாக உயர்ந்தது. அதிலும் ஒரு பகுதியைக் கட்டாயமாக்கினார்கள். உரிமை இருந்தும் அதை எடுக்கத் தயங்கவைக்கும் பார்வை ஒன்று எங்கும் உண்டு என்பதையே இவை காட்டுகின்றன. ‘பொண்டாட்டிக்குப் பிரசவம்னா உனக்கெதுக்கு லீவு’ என்ற கேள்விக்குச் சட்டப் பிரிவைக் காட்டிலும், அதே விடுப்பை எடுத்த நான்கு சக ஊழியர்களின் உடனிருப்பே சிறந்த விடை.

நம் ஊர் ஆண்கள் மனம் திறக்க மாட்டார்கள் என்பது கடைசி மறுப்பு. தொழிற்சங்கம், பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்த சொல்தாக்களின் சங்கம், மாலைநேரப் பெத்தாங்கு ஆட்டம், திருவிழாக் குழு, நற்பணி மன்றம் என்று புதுச்சேரி ஆண்கள் கூடாத நாளில்லை. கூடும் பழக்கம் இருக்கிறது. குழந்தை வளர்ப்பு அங்கே பேசத்தக்க பொருளாகவில்லை என்பதுதான் குறை. பாரதிதாசன் பிறந்து வாழ்ந்து, ‘குடும்ப விளக்கு’ என்று ஒரு காப்பியமே குடும்ப வாழ்வைப் பற்றி எழுதிய ஊரில் அந்தப் பேச்சைத் தொடங்குவது அந்நியமான செயலன்று.

முடிவுரை

தொடங்குவதற்கான இடங்களும் கண்முன்னே இருக்கின்றன. மனைவியின் பேற்றின்போது மருத்துவமனை வளாகத்தில் மணிக்கணக்கில் காத்திருக்கும் தந்தையரே முதல் உறுப்பினர்கள். 2016இல் மத்திய நலவாழ்வு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் பெண்ணுக்கு உடனிருப்பவரை அனுமதித்தது. பெண் உறவினருக்கே முதலிடம் என்றாலும், தனிமைக்கு வசதியுள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம் என்றது. எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலும் ஜிப்மரிலும் தந்தையருக்கென வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அங்கன்வாடிகள் மாதம் ஒரு ஞாயிறு தந்தையரை அழைக்கலாம். தொழிற்சங்கங்கள் ஊதிய ஒப்பந்தப் பேச்சில் தந்தைமை விடுப்பை ஒரு கோரிக்கையாக வைக்கலாம். துணையாகத் தொடங்கும் இந்தக் கூட்டங்கள் ஒருநாள் கோரிக்கையாகத் திரளும்போதுதான் பதினைந்து நாள் அரசு ஊழியரைத் தாண்டும். தந்தையின் பெயரால் எல்லா ஏடுகளையும் நிரப்பிய புதுச்சேரி, அவர் தோளில் இருக்கும் குழந்தைக்கும் அக்குழந்தையின் தாய்க்கும் பட்டிருக்கும் கடன் அது.