இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்கு மூன்று வகைக் கதீட்டர்: சூடா, குளிரா, மின்துடிப்பா?

நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். சில நாள் கழித்து மறுபடியும் வரும். வாயுத் தொல்லை, களைப்பு, வயதாகிவிட்டது என்று பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நாடி தாறுமாறாக ஓடினால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இதயத் துடிப்புச் சீர்கேடாக இருக்கலாம். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஏஎஃப் என்பார்கள்.

இந்த நோய் உள்ளவரின் இதய மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை. வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அப்போது இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குச் சென்று ரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். ஏஎஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிகம்.

மாத்திரையில் துடிப்பு சீராகாதவர்களுக்கு அப்லேஷன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. வேறு பெரிய நோய் இல்லாத, விட்டுவிட்டுப் படபடப்பு வரும் சிலருக்கு இது முதல் சிகிச்சையாகவும் செய்யப்படுகிறது. இதில் பயன்படும் கதீட்டர் இப்போது மூன்று வகை. எது நல்லது என்ற குழப்பம் பல குடும்பங்களுக்கு வருகிறது.

எங்கே சிகிச்சை செய்கிறார்கள்?

1998ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் மருத்துவர் மிஷெல் ஹைசகேர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளிலிருந்தே பெரும்பாலான கோளாறு மின்தூண்டல்கள் கிளம்புகின்றன என்பதை அது காட்டியது. பொதுவாக இத்தகைய சிரைகள் நான்கு இருக்கும். அவற்றின் வாயைச் சுற்றி வேலி போட்டதுபோல் தழும்பு உண்டாக்கிவிட்டால், கோளாறு மின்சாரம் இதயத்துக்குள் நுழைய முடியாது. மூன்று வகைக் கதீட்டருக்கும் அடிப்படை வேலை இதுதான்.

நெஞ்சைத் திறக்கும் அறுவை இதில் இல்லை. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குக் கொண்டுபோய், இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில் சிறு துளையிட்டு இடது பக்கம் நுழைகிறார்கள். தழும்பை எப்படி உண்டாக்குவது என்பதில்தான் வேறுபாடு.

சூட்டுக் கதீட்டர்

மூன்றில் பழையது இது. கதீட்டரின் நுனியிலிருந்து ரேடியோ அலை மின்சாரம் பாய்ந்து திசுவைச் சுடும். சிரையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, கோலப் புள்ளிகளை இணைப்பதுபோல் வளையத்தை முடிப்பார்கள். நுனி அதிகம் சூடேறாதிருக்க உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு அழுத்தமாகத் தொடுகிறோம் என்பதை அளக்கும் கருவியும் புதிய கதீட்டர்களில் உண்டு.

சிரையின் வாயில் மட்டுமன்றி, இதயத்தின் எந்த மூலையிலும் இதைக் கொண்டு வேலை செய்ய முடியும். அதனால் வேறு இடத்திலும் கோளாறு உள்ளவர்களுக்கும், இரண்டாம் முறை சிகிச்சைக்கு வருபவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஒவ்வொரு புள்ளியாகச் செய்வதால் நேரம் பிடிக்கும். மருத்துவரின் கைத்தேர்ச்சியும் அதிகம் தேவை. இடது மேலறையின் பின்புறத்தை ஒட்டி உணவுக்குழாய் இருப்பதால், சூடு அதையும் தாக்கும் வாய்ப்பு உண்டு. இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஓட்டை விழுவது மிக அரிது என்றாலும் உயிரைப் பறிக்கக்கூடியது.

குளிர் பலூன்

கதீட்டரின் முனையில் சிறு பலூன் இருக்கும். பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அகலமுள்ள பலூனைப் பயன்படுத்துவார்கள். அதைச் சிரையின் வாயில் வைத்து அடைத்து, உள்ளே நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தி உறைய வைப்பார்கள். ஒரு சிரைக்குச் சுமார் 3 நிமிடம். வளையம் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

2016ல் வெளியான ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ ஆய்வு சூட்டையும் குளிரையும் ஒப்பிட்டது. அதில் 762 நோயாளிகள் பங்கேற்றனர். ஓராண்டில் சிகிச்சை பலனளிக்காமல் போனது குளிர் பலூனில் 34.6 விழுக்காடு, சூட்டுக் கதீட்டரில் 35.9 விழுக்காடு. அதாவது பலனில் இரண்டும் ஒன்றுதான்.

குளிர் பலூனுக்கு உரிய பாதிப்பு வேறு. வலப்பக்கச் சிரைகளை ஒட்டி, மூச்சுக்கு உதவும் உதரவிதான நரம்பு ஓடுகிறது. குளிர் அதைத் தாக்கினால் மூச்சு வாங்கும். மேற்சொன்ன ஆய்வில் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பியபோது 2.7 விழுக்காட்டினருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது; ஓராண்டுக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் சரியாகிவிட்டது.

மின்துடிப்புக் கதீட்டர்

புதிதாக வந்திருப்பது இதுதான். பல்ஸ்டு ஃபீல்டு அல்லது பிஎஃப்ஏ என்பார்கள். நொடியின் மிகமிகச் சிறு பங்கு நேரத்துக்கு உயர் மின்னழுத்தத் துடிப்புகளைச் செலுத்துவார்கள். அவை இதயத்தசை அணுக்களின் சவ்வில் நுண்துளைகளைப் போட்டு அந்த அணுக்களை அழிக்கும். இதயத்தசை இதற்கு எளிதில் பாதிக்கப்படும். உணவுக்குழாயும் நரம்பும் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. அதுவே இதன் பெரிய சிறப்பு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் ‘பல்ஸ்செலக்ட்’ கதீட்டருக்கும் 2024 ஜனவரியில் ‘ஃபாராபல்ஸ்’ கதீட்டருக்கும் அனுமதி தந்தது.

2023ல் வெளியான ‘அட்வென்ட்’ ஆய்வு, 607 நோயாளிகளிடம் மின்துடிப்பைப் பழைய இரு முறைகளுடன் ஒப்பிட்டது. ஓராண்டில் வெற்றி மின்துடிப்பில் 73.3 விழுக்காடு, பழைய முறைகளில் 71.3 விழுக்காடு. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சிகிச்சை நேரம் குறைந்தது.

புதியது என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைக்கக் கூடாது. மின்துடிப்பு சிவப்பணுக்களைச் சிதைத்து, அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதய ரத்தக் குழாய் தற்காலிகமாகச் சுருங்குவதும் உண்டு.

இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது, பக்கவாதம், தொடை இடுக்கில் ரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகள் சிறிய அளவில் மூன்று முறைகளுக்கும் பொது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆய்வு முடிவுகள் சொல்வது ஒன்றுதான்: பலனில் மூன்றும் கிட்டத்தட்ட சமம், வரக்கூடிய பாதிப்பில்தான் வித்தியாசம். ஆகவே புதிய கதீட்டர் கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அதற்காகக் கடன் வாங்குவதற்கு முன்னும் நன்றாக யோசிக்க வேண்டும். ஒரு கதீட்டரில் நூற்றுக்கணக்கில் செய்து தேர்ந்த மருத்துவரின் கை, அவருக்குப் பழகாத புதுக் கதீட்டரைவிடப் பாதுகாப்பானது.

மலேசியாவில் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகம், சிங்கப்பூரில் தேசிய இதய நிலையம் போன்ற இடங்களில் இதயத் துடிப்புக்கென்றே நிபுணர்கள் உள்ளனர். அவர்களைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவை:

- எனக்கு எந்தக் கதீட்டர்? ஏன்?
- இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
- என் சிறுநீரகம், நுரையீரல் நிலைக்கு இது ஒத்துவருமா?
- இரண்டாம் முறை செய்ய வேண்டிவந்தால் செலவு எவ்வளவு?
- கதீட்டர் விலையைக் காப்புறுதி முழுமையாக ஏற்குமா? இதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவது நல்லது.

சிகிச்சைக்குப் பிறகு

முதல் இரண்டு, மூன்று மாதம் படபடப்பு வந்து போகலாம். அதை வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

சிகிச்சை முடிந்து சுமார் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், நெஞ்சு வலி, விழுங்கச் சிரமம், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்லேஷன் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கும் நிலையில் எண்டோஸ்கோப்பி செய்வது ஆபத்து. முதலில் ஸ்கேன் எடுப்பார்கள்.

எடையைக் குறைப்பதும் மதுவை விடுவதும் நோய் திரும்புவதைக் குறைக்கும். 2020ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மது அருந்தும் 140 ஏஎஃப் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தனர். வழக்கம்போல் குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கும், மதுவை நிறுத்தச் சொன்ன பிரிவினரில் 53 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. ரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைப்பதும் அவசியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. படபடப்பு நின்றுவிட்டதே என்று பலர் இதைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது இரண்டு, மூன்று மாதம் எல்லாரும் இதைச் சாப்பிட வேண்டும். அதன் பிறகு தொடர்வதா என்பதை வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். துடிப்பு சீரானதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாட்டு மருந்து எதையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் 65 வயதைக் கடந்தவர்கள் இருந்தால், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்க்கலாம். துடிப்பு ஒழுங்கின்றி இருந்தால் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். கதீட்டரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.