ஈரத்தகடும் பெயரில்லா முகங்களும்

பெங்களூரிலும் மைசூர் நாட்டிலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பெற்ற புகைப்படங்களில் மக்கள் சிலைபோல் இறுகி நிற்பதைக் காண்கிறோம். அதற்கு ஒரு காரணம், அன்று வழங்கிய ஈரத்தகட்டு முறையாகும்.

1851ஆம் ஆண்டில் லண்டன் சிற்பி பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் இம்முறையை வெளியிட்டார்; காப்புரிமை கோரவில்லை. ஆதலால் அது விரைவில் நம் நாட்டிற்கும் பரவிற்று. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படம்பிடித்து உருத்துலக்கிவிட வேண்டும். நமது வெயிலில் பூச்சு விரைந்து உலரும். ஆகவே இருட்டுக் கூடாரமும் படக்காரருடன் ஊர் ஊராகச் சென்றது. எதிரே இருப்பவர் சில விநாடிகளேனும் அசையாதிருத்தல் வேண்டும்.

ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்க இயன்றது. 1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின், ஆட்சியாளர் இந்நாட்டு மக்களை வகைப்படுத்தி அறிய விரும்பினர். 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் நூலில் 400க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. மைசூர்ப் பகுதியினரும் அவற்றுள் உளர். பல படங்களின்கீழ்ச் சாதியும் ஊரும் உண்டு, பெயர் இல்லை.

இன்றும் கலைஞர் சிலர் இம்முறையைக் கையாளுகின்றனர். இப்போது அமர்பவர் தம் விருப்பத்தால் அமர்கிறார். தம் பெயரால் அறியப்படுகிறார். அன்று நின்றவர்க்கு அந்த மதிப்புக் கிட்டவில்லை. நம் இல்லங்களிலுள்ள பழைய படங்களின் பின்புறத்திலேனும், தெரிந்த பெயர்களை இன்றே எழுதிவைப்போமாக.