நினிவேயே, வருகிறோம்

மோசுல் நகரத்து முற்றுகையை மேசைமேல் மரக்கட்டைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. ‘வீ ஆர் கமிங், நினிவே!’ என்று பெயர். ஆக்கியவர்கள் சூட்டிய பெயரன்று அது. ஐ.எஸ். அமைப்பிடமிருந்து மோசுலை மீட்க ஈராக் அரசு 2016 அக்டோபர் 17 அன்று தொடங்கிய படையெடுப்பின் பெயர்: ‘காதிமூன் யா நைனவா’. காதிமூன் என்றால் வருகிறவர்கள், ‘யா’ விளிச்சொல், நைனவா நினிவே. படை நடவடிக்கைக்குப் புயல், இடி, வாள் என்று பெயரிடுவார்கள். ஊரையே முன்னால் நிறுத்திக் கூப்பிடும் பெயர் அரிது.

நினிவே மிகப் பழைய பெயர். ஆப்பெழுத்துப் பலகைகளில் அது நினுவா, நினா. அடைப்புக்குள் மீன் இருக்கும் குறியாலும் அதை எழுதினார்கள். நினிவேக்கு அனுப்பப்பட்ட யோனாவை (நம் முஸ்லிம்களுக்கு யூனுஸ் நபி) மீன் விழுங்கிய விவிலியக் கதையோடு இதை முடிச்சுப்போட மனம் துடிக்கும், கூடாது. அந்தக் குறி யோனா நூலைவிட மிகப் பழையது. கி.மு. 612-இல் நகரம் அழிந்தது, பெயர் அழியவில்லை. எபிரேயம், கிரேக்கம், சிரியாக், அரபி என்று வாய்மாறி வந்து, தமிழ் விவிலியத்தில் ‘நினிவே’ ஆயிற்று.

மோசுலோ ‘சேர்தல்’ என்னும் அரபு வேரிலிருந்து பிறந்தது: இணையுமிடம். மஸ்லின் துணிக்குப் பெயர் தந்த ஊரும் இதுதான்.

டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில், குயுஞ்சிக், நபி யூனுஸ் என்னும் மேடுகளில் இருக்கிறது பழைய நினிவே. விளையாட்டின் வரைபடமோ மேற்குக் கரை. 2017 பிப்ரவரி முதல் ஜூலை வரை சண்டை நடந்த பகுதி. பெயரில் உள்ள நகரம் பலகையில் இல்லை! ஆனாலும் பெயர் பொருந்துகிறது. மோசுலைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்துக்கே இன்று நினிவே என்றுதான் பெயர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யசீதிகளும் வாழும் மண்ணுக்கு, மதப் பிரிவுகளுக்கெல்லாம் மூத்த பெயரைத் தேர்ந்ததை நான் மதிக்கிறேன்.

விளையாட்டும் அந்த அழைப்புக்கு உண்மையாக இருக்கிறது. எடுத்துக்கொண்ட காலம், ஈராக் படையின் உயிரிழப்பு, நகரத்துக்கு நேர்ந்த சேதம் ஆகிய மூன்றையும் அது தனித்தனியே கணக்கிடுகிறது. குண்டுகளைப் பொழிந்து விரைந்து முன்னேறினால் மூன்றாவது கணக்கு ஏறும். உண்மைப் போரில் பழைய மோசுல் இடிந்து கிடந்ததை உலகம் பார்த்தது. ‘கூனன்’ என்று ஊரார் அழைத்த அல்ஹத்பா கோபுரத்தை 2017 ஜூன் 21 அன்று ஐ.எஸ். வெடிவைத்துத் தகர்த்தது.

இந்தப் பெயரைத் தமிழில் எழுதுவோர் ‘நினிவேப் படையெடுப்பு’ என்று சுருக்காதீர்கள். விளியோடு, ‘நினிவேயே, வருகிறோம்’ என்றே எழுதுங்கள்.