"இரவு நன்றாகத் தூங்கினார்": ஒரு கேஸ் ஷீட் வரியின் வரலாறு

மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கேஸ் ஷீட் உண்டு. இரவு ட்யூட்டி முடித்துக் கிளம்பும் சிஸ்டர் காலையில் அதில் எழுதிவிட்டுப் போகும் வரிகளில் ஒன்று, "இரவு நன்றாகத் தூங்கினார்" என்பது. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜரோடு வாழ்ந்தவன் என்பதால் இந்த மாதிரி வரிகளைப் பார்த்தால் எனக்கு ஒரு குறுகுறுப்பு வரும். ஏட்டில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் டேலி ஆகிறதா? ஐ.சி.யூ. என்கிற தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த வரியை வெகுகாலம் யாரும் சரிபார்க்கவே இல்லை. சரிபார்த்த கதையைப் படித்ததிலிருந்து நம் குடியிருப்பில் பகிர வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எழுபதைத் தாண்டியவர்கள் இல்லாத பிளாக் இங்கே எது?

நோயாளியின் தூக்கத்தைப் பற்றி முதலில் அக்கறையாக எழுதியவர்களில் ஒருவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போர் முனையில் சேவை செய்து திரும்பிய பிறகு 1859-ல் செவிலியம் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் சத்தத்துக்கென்றே ஒரு அத்தியாயம். நோயாளியின் அறை வாசலில் நின்று டாக்டரும் உறவினரும் குசுகுசுவென்று பேசுவதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். உள்ளே இருப்பவருக்குப் பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரியும், என்ன பேச்சு என்றுதான் தெரியாது. அந்த வேதனையை அவர் புரிந்துவைத்திருந்தார். நர்ஸுகளின் பட்டுப் பாவாடை சரசரப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. சில மணி நேரம் தூங்கி எழுந்தவர் மறுபடி தூங்கிவிடுவார், முதல் தூக்கத்திலேயே எழுப்பப்பட்டவருக்கு அன்றைய தூக்கம் போனதுதான் என்பது அவருடைய கணக்கு. காற்றுக்கு அடுத்தபடியாக நோயாளிக்கு வேண்டியது வெளிச்சம், அதுவும் நேரடிச் சூரிய வெளிச்சம் என்றும் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் நீளமான வார்டுகளில் இருபுறமும் உயரமான ஜன்னல்கள் இருந்தது அதனால்தான்.

வெளிச்சம் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு விடை வேறு பக்கமிருந்து வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி தெ மெய்ரான் 1729-லேயே, பகலில் இலை விரித்து இரவில் மூடும் ஒரு செடியை (நம் தொட்டாற்சிணுங்கி வகை என்கிறார்கள்) இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனே தெரியாத இடத்திலும் அது வேளை தவறாமல் விரிந்து மூடியது. மனிதனுக்கும் இப்படி ஒரு கடிகாரம் உண்டா என்று பார்க்க, 1938-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைக்குள் நதானியேல் கிளைட்மன் என்ற பேராசிரியர் ஒரு மாணவரோடு 32 நாள் தங்கினார். நாளை 28 மணி நேரமாக்கி வாழ்ந்து பார்த்தார்கள். மாணவர் பழகிக்கொண்டார். பேராசிரியரின் உடம்பு மட்டும் 24 மணி நேரக் கணக்கை விடவே இல்லை. வயதானவர்களுக்கு அட்டவணை மாறினால் ஒத்துக்கொள்ளாது என்பதை நம் வீடுகளில் குகைக்குப் போகாமலே கண்டுபிடித்திருப்போம். 1959-ல் பிரான்ஸ் ஹால்பெர்க் இதற்கு 'சர்க்கேடியன்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'சுமார் ஒரு நாள்' என்று பொருள். 'சுமார்' என்பதுதான் இதில் முக்கியம். உடம்பின் கடிகாரம் மிகச் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. பகல் வெளிச்சமும் இரவு இருட்டும் தினமும் அதைத் திருத்திவைக்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் மருத்துவமனைக்குள் இரவும் பகலும் இல்லாத ஓர் இடம் பிறந்தது. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கடுமையான போலியோ பரவல். பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரத்தில் மூச்சுத் தசை செயலிழந்து வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் டாக்டர், ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மாணவர்கள் மாதக்கணக்கில் ஷிப்ட் போட்டு, படுக்கை அருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். ஒருவர் கண்ணயர்ந்தால் ஓர் உயிர் போய்விடும். அடுத்த ஆண்டு டிசம்பரில் இப்சென் தொடங்கிய பிரிவையே உலகின் முதல் ஐ.சி.யூ. என்று பலரும் சொல்கிறார்கள். விளக்கை அணைக்க முடியாத அறை அது. அணைக்காததால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள் என்பதை மறந்துவிட்டு ஐ.சி.யூ.வைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனால் பிழைத்தவர்களில் பலர் விசித்திரமாக நடந்துகொண்டார்கள். 1960-களில் இதய அறுவைச் சிகிச்சை பெருகியபோது, சிகிச்சை நன்றாக முடிந்த பிறகும் சிலர் இல்லாததைப் பார்த்தார்கள், குழாய்களைப் பிடுங்கினார்கள். டாக்டர்கள் இதற்கு 'ஐ.சி.யூ. சைக்கோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது டெலிரியம் என்கிறார்கள். 1972-ல் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர் இரண்டு ஐ.சி.யூ.க்களை ஒப்பிட்டார். ஜன்னல் இல்லாத பிரிவில் 40 சதவீதம் பேருக்கு இந்தத் தடுமாற்றம், ஜன்னல் இருந்த பிரிவில் 18 சதவீதம். நைட்டிங்கேல் வார்டின் ஜன்னலை நூறு வருடம் கழித்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த மாதிரி ஆயிற்று.

என் மைத்துனர் சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். ஐந்தாம் நாள் உள்ளே விட்டபோது என்னிடம், "அத்தான், இன்னும் ஏன் விடியல?" என்று கேட்டார். அப்போது பகல் மணி இரண்டு. கேஸ் ஷீட்டில் அன்றும் அதே வரிதான். வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று குடும்பமே அழுதது. வீடு திரும்பி இரண்டு வாரத்தில் பழையபடி குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தார்.

சரி, அந்த வரிக்கு வருவோம். 1985-ல் சுவீடனைச் சேர்ந்த ஆரல், எல்ம்க்விஸ்ட் என்ற இரு டாக்டர்கள், பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்த 9 பேரின் மூளை அலைகளை ஐ.சி.யூ.வில் தொடர்ந்து பதிவு செய்தார்கள். அதே நேரம் நர்ஸுகளிடம் நோயாளி எவ்வளவு நேரம் தூங்கினார் என்றும் குறித்துத் தரச் சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் நர்ஸுகளின் கணக்கு தொடர்ந்து கூடுதலாகவே இருந்தது. ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் ஏறக்குறைய இல்லவே இல்லை. நர்ஸுகள் பொய் எழுதவில்லை. கண் மூடியிருந்தது, எழுதினார்கள். ஒன்பதே பேர்தான் என்றாலும் என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான தணிக்கை இதுதான்.

பிறகு நடந்த ஆய்வுகளில், ஐ.சி.யூ. நோயாளியின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி பகலில்தான் துண்டு துண்டாக நடக்கிறது என்று தெரிந்தது. எல்லாப் பழியையும் சத்தத்தின் மேல் போட்டவர்களுக்கும் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. 2003-ல் வந்த ஓர் ஆய்வில், சத்தமும் ரத்தம் எடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது போன்ற வேலைகளும் சேர்ந்தே விழிப்புகளில் 30 சதவீதத்துக்கும் குறைவுக்குத்தான் காரணமாக இருந்தன. மீதிக்கு நோய், வலி, வென்டிலேட்டர், மருந்து என்று பல காரணங்கள். தூங்க வைப்பதாக நாம் நினைக்கும் மயக்க மருந்துகள் பல ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுக்கவும் செய்கின்றன. 2000-ல் சிகாகோவில் தினமும் ஒருமுறை அந்த மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கவிட்டுப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த காலம் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது.

டெலிரியம் வந்தால் போய்விடும், பரவாயில்லை என்ற நினைப்பை 2004-ல் வெஸ்லி ஈலி குழுவினர் உடைத்தார்கள். அது வந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 34 சதவீதம், வராதவர்களில் 15. அதன் பிறகுதான் எளிய வழிகளைத் தேடுவது சூடுபிடித்தது. 2012-ல் பெல்ஜியத்தில் இரவில் காதடைப்பான் கொடுத்துப் பார்த்ததில் குழப்பம் கணிசமாகக் குறைந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் விளக்கைத் தாழ்த்தி, டி.வி.யை அணைத்து, வேலைகளைச் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். டெலிரியம் குறைந்தது. ஆனால் "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று நோயாளிகளைக் கேட்டபோது பதில் பெரிதாக மாறவில்லை! விலை கூடிய வழிகளுக்கு அவ்வளவு வெற்றியில்லை. நெதர்லாந்தில் கூரையில் சிறப்பு விளக்குப் பொருத்தி 700-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள், பலனில்லை என்று 2016-ல் அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவில் மெலடோனினும் டெலிரியத்தைத் தடுக்கவில்லை. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் தன் வழிகாட்டுதலில் தூக்கத்துக்கு முதன்முதலாகத் தனி இடம் கொடுத்தது 2018-ல்தான்.

நம் வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் இருந்தால் அட்டெண்டராக நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் வாசலிலேயே வாங்கி நம் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். டாக்டரிடம் கேட்டு அதை உள்ளே கொடுத்துவிடுங்கள். பார்க்கப் போகும் ஐந்து நிமிடத்தில் இன்று என்ன கிழமை, மணி என்ன, வெளியே வெயிலா மழையா என்று சொல்லுங்கள். ஜன்னல் பக்கப் படுக்கை காலியாக இருந்தால் கேட்டுப் பாருங்கள், கொடுத்தாலும் கொடுப்பார்கள். காதடைப்பானை மட்டும் கேட்காமல் மாட்டிவிட வேண்டாம். தானே கழற்ற முடியாத நிலையில் இருப்பவருக்கு அது இன்னொரு பயமாகிவிடும். காலையில் சிஸ்டரிடம் விசாரிக்கும்போது, தூங்கினாரா என்பதோடு நிறுத்தாமல், ராத்திரி குழப்பமாக ஏதாவது பேசினாரா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.