தூரதேசக் கல்வியும் படக்காட்சியும்: மடுல்சீமையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தொலைவிலுள்ள நாடொன்றைப் பற்றி மாணவருக்குப் போதிப்பதற்குப் படக்காட்சியே தலைசிறந்த சாதனம் என்னுங் கருத்து இன்று கல்வியாளரிடையே பெரிதும் ஏற்கப்பட்டுவிட்டது. வகுப்பறைக் காணொளி புதியதொரு வசதியாகவே கருதப்படுகிறது. ஆயின் அதன் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்றுண்டு. அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே இலங்கை இடம்பெற்றுள்ளது. யார், யாருக்கு, எவர் செலவில், எதனைக் காட்டினர், எதனை விட்டனர் என்னும் வினாக்களை எழுப்பாது படக்காட்சியின் கல்விப் பயனை மதிப்பிடுதல் இயலாது. ஊவா மாகாணத்து மடுல்சீமைத் தோட்டப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

1

மடுல்சீமை பதுளைக்குக் கிழக்கே, பசறைக்கு அப்பாலுள்ள மலைப்பகுதி. கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் 1869 ஆம் ஆண்டு இப்பகுதித் தோட்டமொன்றிலேயே முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்னும் பூஞ்சணவியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து நோய்ப் பூஞ்சணத்துக்குப் பெயரிட்டார். பின்வந்த இருபது ஆண்டுகளுள் கோப்பி வீழ்ந்தது. தேயிலை அதனிடத்தைப் பெற்றது. பயிர் மாறிற்று. தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் கடன்பிணைப்பிற் கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் நிலையோ, அவர் வாழ்ந்த லயங்களோ, விடியற்காலைப் பிரட்டோ மாறவில்லை. இங்கிலாந்தின் அறிவுலகுக்கு மடுல்சீமையின் பெயரைக் கொண்டுசென்றது நோயுற்ற ஓரிலையே; அங்கு வாழ்ந்த மக்கள் அல்லர் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

2

படங்கள் வாயிலாகப் பேரரசைக் கற்பிக்கும் முயற்சி 1902 இல் அமைப்பு வடிவம் பெற்றது. லண்டனில் குடியேற்ற நாட்டு அலுவலகம் கட்புலப் போதனைக் குழு ஒன்றை நிறுவிற்று. புவியியலாளர் ஹல்போர்ட் மக்கின்டர் அதன் மூளையாக விளங்கினார். குழுவின் முதற்பணி இங்கிலாந்து மாணவருக்கு இலங்கையைக் காட்டுவதன்று. குடியேற்ற நாட்டு மாணவருக்கு இங்கிலாந்தைக் காட்டுவதேயாம். ஐக்கிய இராச்சியம் பற்றிய ஏழு விரிவுரைகள், படவிளக்கிற் காட்டுதற்குரிய கண்ணாடிப் படவில்லைகளுடன், இலங்கை முதலிய கீழைத்தேயக் குடியேற்றங்களின் பாடசாலைகளுக்கென ஆக்கப்பட்டன. தாம் எந்நாட்டின் ஆட்சிக்குட்பட்டவர் என்பதை மாணவர் கண்ணாரக் கண்டு வியத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

மறுதிசைப் பணிக்காக 1907 முதல் 1910 வரை ஹியூ பிஷர் என்னும் ஓவியர் பேரரசின் நாடுகளுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு இடப்பட்ட பணிப்புரை கூர்ந்து நோக்கற்பாலது. நாட்டுக்கும் மக்களுக்கும் இயல்பாயமைந்த தன்மைகள் ஒருபுறம். பிரித்தானிய ஆட்சி அவற்றின்மீது ஏற்றிவைத்த தன்மைகள் மறுபுறம். இவ்விரண்டையும் அவர் படமாக்குதல் வேண்டும். விகாரையும் வயலும் முதலாவது வகை. புகையிரதப் பாதையும் துறைமுகமும் இரண்டாவது வகை. இப்பாகுபாட்டில் மடுல்சீமைத் தொழிலாளிக்கு இடம் யாது? அவன் அந்நாட்டின் ‘இயல்பு’ அல்லன், வந்தவன். ஆட்சியின் ‘சாதனை’யும் அல்லன், சாதனைக்கு விலை கொடுத்தவன். படம் எடுக்கப்படுமுன்னரே அவனை விலக்கிவிட்ட ஒரு சட்டகம் ஆயத்தமாயிருந்தது எனலாம்.

3

இச்சட்டகத்தின் கலைச்சிறப்பு வாய்ந்த வெளிப்பாடு 1934 இல் உருவான ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப்படமாகும். பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை 1926 இல் தொடங்கி 1933 இற் கலைக்கப்பட்டது. அதன் படப்பிரிவு ஜோன் கிரியர்சனின் தலைமையில் தபால் திணைக்களத்துக்கு மாறியது. அப்பிரிவினர் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக ஆக்கிய படம் இது. பஸில் ரைட் நெறிப்படுத்தினார். கொழும்பைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் உரை வாசித்தார். 1935 இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற இப்படத்தின் அழகியற் சிறப்பை மறுத்தல் தகாது.

பிரசார சபையின் பணம் எங்கிருந்து வந்தது? தேயிலை ஏற்றுமதி மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து. உலகப் பொருளாதார நெருக்கடி தோட்டங்களைத் தாக்கி, தொழிலாளரின் கூலி வெட்டப்பட்ட காலம் அது. கூலி குறைக்கப்பட்டவரின் உழைப்பே தேயிலை விளம்பரத்துக்குச் செலவாயிற்று.

படம் நான்கு பகுதிகளையுடையது. முதலிரண்டும் பௌத்த யாத்திரையையும் கிராம வாழ்வையும் காட்டுவன. மூன்றாவது வாணிகத்தின் குரல்கள் பற்றியது. நான்காவது மீண்டும் வழிபாட்டுக்கும் கண்டிய நடனத்துக்கும் திரும்புகிறது. பிஷருக்குக் கூறப்பட்ட இருவகைப் பாகுபாடே இங்கு அமைப்பாகியுள்ளது. படத்தின் உரையோ றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. நொக்ஸ் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த காலத்தில் இந்நாட்டில் தேயிலைத் தோட்டமும் இல்லை, தோட்டத் தொழிலாளரும் இல்லர். இருநூற்றைம்பது ஆண்டுப் பழைமையான சொல்லால் 1934 ஆம் ஆண்டின் நிலத்தை விளக்கும்போது இடையில் நிகழ்ந்த குடியேற்ற ஆட்சியின் வரலாறு முழுவதும் நழுவிவிடுகிறது.

மூன்றாம் பகுதியிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் தோன்றுகின்றனர். ஒலித்தடத்திற் கேட்பவை சந்தை விலைகள், வணிகக் கடித வாசகங்கள், கப்பற் செய்திகள். ரைட் வாணிகத்தை எள்ளும் நோக்குடனேயே இவ்வாறு இணைத்தார் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. உழைப்பையும் இலாபத்தையும் ஒரே கணத்தில் எதிரெதிர் நிறுத்துதல் சாதாரண விளம்பரக்காரன் செய்யத் துணியாத செயல். எனினும் அவ்வெள்ளலும் மேலிருந்து எழுவதே. வாணிகம் பேசுகிறது, பழைய பயணி பேசுகிறான், கொழுந்து பறிப்பவள் பேசவில்லை. அவளது மொழி தமிழ் என்பதைப் படம் பார்த்த ஆங்கிலச் சிறுவன் அறிவதற்கு வழியில்லை. லண்டன் பேரரசு நிறுவகத்திலிருந்து பாடசாலைகளுக்குப் படங்கள் இரவலாக வழங்கப்பட்ட காலத்தில், இத்தகைய மௌனமே புவியியற் பாடமாகக் கற்பிக்கப்பட்டது.

4

இதே காலத்தில் தோட்டத்துப் பிள்ளை எதனைக் கற்றது? 1907 ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓராசிரியர், ஓரறை என்ற அளவில் நின்றது. 1945 இல் நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் பயன் தோட்டங்களை உரியவாறு எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின்கீழ் வந்தது 1970களின் பிற்பகுதியிலேதான். உலகுக்குப் படமாகக் காட்டப்பட்டவரின் பிள்ளைகளுக்கு உலகம் படமாகவேனும் காட்டப்படவில்லை.

படம் மௌனிகளாகக் காட்டியோர் மௌனிகளாக இருந்தனரோ எனில், இல்லை. 1940 இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜக் கட்சியினரின் சங்கத்தின் கீழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து தமது குழுவைத் துரை ஏற்குமாறு செய்தனர். ‘வாணிகத்தின் குரல்கள்’ ஒலித்து ஆறாண்டுகளில் ஊவாவின் உழைப்பாளர் குரல் எழுந்தது. அதனைப் படமாக்க எந்தச் சபையும் முன்வரவில்லை.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. படங்கள் இச்சட்டத்துக்குக் காரணமாயின என்பது எமது கருத்தன்று. ஆயின் இலங்கைக்கு ‘இயல்பானவர்’ யார் என்னும் பழைய பாகுபாடு இரண்டிலும் தொழிற்படுகிறது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என வகுத்தது. மடுல்சீமையிற் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தியாவே தூரதேசம். கண்டிராத அந்நாட்டைத் தாயகம் என அவனுக்குக் கூறினர். எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் தீர்வதற்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

1973 இல் பிரித்தானியாவின் கிரனாடாத் தொலைக்காட்சி, ஒரு கோப்பைத் தேநீரின் விலை யாது என்னும் வினாவை எழுப்பி, பிரித்தானியக் கம்பனிகளின் இலங்கைத் தோட்டங்களில் நிலவிய வறுமையைத் தனது நாட்டவருக்குக் காட்டியது. 1934 இன் படம் மறைத்ததை இப்படம் வெளியிட்டது. அதுவும் லண்டன் எழுப்பிய வினாவே எனினும், தேநீர் அருந்துவோனையும் கொழுந்து பறிப்பவளையும் ஒரே பொருளாதார உறவினுள் வைத்து நோக்கிற்று. தூரதேசக் கல்விக்கு வேண்டப்படுவது இவ்வுறவு பற்றிய அறிவேயாகும்.

5

இதுவரை கூறியவற்றிலிருந்து படக்காட்சியை ஒதுக்குதல் வேண்டும் என்னும் முடிபு பெறப்படாது. ஆசிரியர் அதனுடன் சேர்த்துக் கேட்கவேண்டிய வினாக்களே பெறப்படுகின்றன. செலவு செய்தவர் யார்? பேசுபவர் யார்? உழைப்பவர் எங்கே? இன்று பதுளை மாவட்டத்து மாணவன் கைப்பேசியிற் பனிமலைகளையும் ஐரோப்பிய நகரங்களையும் காண்கிறான். அவற்றை ஆக்கியோர் பற்றியும் இவ்வினாக்களை எழுப்பப் பழகாவிடின், 1905 ஆம் ஆண்டுப் படவில்லை முன் அமர்ந்தவனின் வியப்பே அவனுக்கும் எஞ்சும்.

எமது ஆலோசனை ஒன்றுண்டு. ‘சோங் ஒவ் சிலோன்’ படத்தின் மூன்றாம் பகுதியை மலையகப் பாடசாலைகளிற் காட்டுதல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை அதனுடன் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அக்காட்சிகளைப் பார்த்து முதிய தொழிலாளர் கூறுவனவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளக்கூடிய பணி இது. கொழுந்து பறித்தவர்களின் மரபினர் அப்படத்துக்குத் தமது மொழியிற் புதிய உரையொன்றை அமைப்பாராயின், இங்கிலாந்தின் பாடசாலைகள் பார்க்கவேண்டிய படம் அதுவாகவே இருக்கும்.