அடையாற்று முகத்துவாரத்தில் திறந்தவெளிப் பாடம்

வரலாற்றை ஏட்டில் படிப்பது ஒரு முறை. அது நிகழ்ந்த மண்ணிலே நின்று படிப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறைக்குச் சென்னையில் மிகத் தகுந்த இடம் அடையாற்றின் முகத்துவாரம். பட்டினப்பாக்கத்திற்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அடையாறு வங்கக் கடலோடு கலக்கிறது. இக்கரைகளில் மாணாக்கரை அழைத்துச் சென்று பாடம் சொல்லும் வழக்கம் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வளர்ந்து வந்திருக்கிறது. அவ்வழக்கத்தின் வரலாறு யாது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஆற்றின் இயல்பை அறிதல் வேண்டும். அடையாறு நெடிய நதியன்று. அதன் நீளம் சுமார் 42 கிலோமீட்டர். மலையில் பிறவாமல், நகருக்கு மேற்கேயுள்ள ஏரிகளின் மிகுநீரைத் திரட்டிக்கொண்டு வருகிறது. வடகிழக்குப் பருவ மழையின்போது பெருகி மணலை அறுத்துக்கொண்டு கடலில் பாய்கிறது. மழை ஓய்ந்ததும் நீரின் வேகம் தளர்கிறது. அப்போது கடலலைகள் கரையோரமாக மணலைக் கொணர்ந்து ஆற்றின் வாயை அடைத்துவிடுகின்றன. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே ஆண்டுதோறும் நிகழும் இப்போட்டியே முகத்துவாரத்தின் முதற்பாடம். வாய் திறந்திருந்தால் உப்புநீர் உள்ளே வரும். மடவை மீன் குஞ்சுகள் கழியில் வளரும். நீர் வற்றும் வேளையில் சேற்றுப் பரப்பில் நண்டும் புழுவும் தேடி உள்ளான்கள் வந்து இறங்கும். வாய் அடைபட்டாலோ நகரின் கழிவுநீர் தேங்கிக் கழி நாறும். இதனை விளக்கப் படம் வரைய வேண்டியதில்லை. கரையில் நின்றாலே போதும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அதனை மீட்க எண்ணிய ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன்கான், தம் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். அப்படையில் சுமார் பத்தாயிரம் பேர் இருந்தனர் என்பர். புதுச்சேரியிலிருந்து வடக்கே வந்த பாரதி என்னும் அதிகாரியின் படையிலோ ஐரோப்பியரும் இந்தியச் சிப்பாய்களுமாகச் சுமார் ஆயிரம் பேரே இருந்தனர். சாந்தோமுக்கு அருகே, அடையாற்றின் வடகரையில் நவாபின் படை வழிமறித்து நின்றது. பிரெஞ்சுப் படை பீரங்கியின்றி ஆற்றில் இறங்கி நடந்தே கரையேறிற்று. ஒழுங்காக அணிவகுத்துச் சுட்டு, துப்பாக்கி முனை ஈட்டிகளோடு பாய்ந்தது. நவாபின் படை சிதறிற்று. பயிற்சி பெற்ற சிறுபடை பெரும்படையை வெல்லலாம் என்பதை இப்போர் ஐரோப்பியருக்கு உணர்த்தியது. அதன் விளைவுகள் இந்திய நாடெங்கும் பின்னர்த் தெரிந்தன. படை ஆற்றை நடந்து கடந்தது எவ்வாறு என்று வகுப்பறையில் கேட்டால் விடை கூறுவது அரிது. முகத்துவாரத்தருகே ஆறு அகன்று பரந்து, மணலால் மேடுறுவதைக் கண்ட மாணவன் தானே விடை காண்பான்.

சிறிது தூரத்தில், கடலை ஒட்டி, இடிந்த பாலம் ஒன்று நிற்கிறது. இரு கரை மக்களும் நடந்து செல்வதற்காக 1967-இல் கட்டப்பட்ட அப்பாலத்தின் ஒரு பகுதி, 1977-இல் நீரோட்டத்தின் வேகத்தால் வீழ்ந்தது. போர்க் காலத்தில் நடந்து கடக்க வழிவிட்ட அதே ஆறு, பத்தே ஆண்டுகளில் பாலத்தைத் தகர்த்தது. ஆறு ஒரே நிலையில் இருப்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இத்தகைய கல்விக்கு வித்திட்டவை கடலாமைகளே எனலாம். 1970-களின் தொடக்கத்தில், சென்னையில் பாம்புப் பண்ணை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும், முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் கடற்கரையில் நடந்தனர். 1988-இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தோன்றிற்று. ஆண்டின் முதல் மாதங்களில் அவ்வமைப்பினர் பொதுமக்களையும் சிறுவரையும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி இரவில் அழைத்துச் செல்லலாயினர். ஓர் ஆமை ஒருமுறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும்; ஏழெட்டு வாரங்களில் குஞ்சுகள் வெளிப்படும். கடலின் ஒளியை நோக்கிச் செல்ல வேண்டிய குஞ்சுகள் நகரின் விளக்குகளைக் கண்டு திசை மாறி மடிகின்றன. தம் வீட்டு விளக்கும் ஓர் உயிரின் வழியைத் தடுக்கும் என்பதை நடந்து வந்த சிறுவர் நேரில் அறிகின்றனர்.

பின்னர், குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டுக் கிடந்த அடையாற்றுக் கழியின் 58 ஏக்கர் பரப்பு சீர்செய்யப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. அங்குப் பள்ளி மாணவர்க்குச் சுற்றுச்சூழல் வகுப்புகள் நடைபெறலாயின. சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களைக் காட்டி, அலையாத்தி மரம் காற்றைப் பெறும் வகையையும், அலையின் வேகத்தை ஆற்றிக் கரையைக் காக்கும் வகையையும் அங்கே விளக்கலாம்.

இவை பொழுதுபோக்கு அல்லவோ என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு 2015-ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளிலும் மறுநாளிலும் பெய்த பெருமழையோடு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வரை திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை கடந்தது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகள் மூழ்கின. பல உயிர்கள் மாண்டன. ஆண்டின் பெரும்பகுதியும் சாக்கடைபோல் கிடந்த நீரை ஆறென்றே பலர் எண்ணியதில்லை. வெள்ளம் விரிந்து பரவும் நிலத்தையும், வடிந்து செல்லும் வாயையும் நாம் நெருக்கிவிட்டோம் என்பது அன்று விளங்கிற்று.

ஆற்றின் போக்கை அறிந்தோர் இந்நகரில் இல்லாமற் போகவில்லை. ஊரூர் குப்பத்து மீனவர் எந்தத் திங்களில் மணல் மேடிடும், எப்போது வாய் திறக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள். திறந்தவெளி வகுப்புகளில் அவர்களும் ஆசிரியராக அமர்தல் வேண்டும். ஏரிகளின் மிகுநீர் செல்லும் வழியையும் கடல் மணல் நகரும் திசையையும் சிறுவயதிலேயே கண்ணால் கண்ட ஒருவன், நாளை பொறியாளனாகவோ நகரமன்ற உறுப்பினனாகவோ அமரும்போது, ஆற்றங்கரையில் கட்டடத்திற்கு ஒப்புதல் கேட்டு வரும் தாளைச் சற்று நிதானித்தே படிப்பான்.